கோழி கழுவிய தண்ணீர்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்பு மகன் இர்வானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அத்தாவுக்கு முட்டிவலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, எனக்கு வயிற்றெரிச்சலைத் தவிர ஒரு குறையும் இல்லை. உன் உடம்பு தேறிவிட்டதா? போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதி, மான்செஸ்டருக்குப் படிக்க வரும் உன் மாமா மகள் ஐனாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்களோடு இருந்துவிட்டுத் திரும்பிய உன் மாமியார் ஞாயிற்றுக்கிழமை செபராங் ஜெயாவிலிருந்து பாலம் தாண்டி வந்தார். பேச்சோடு பேச்சாக, இர்வான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான்தான்லா கஞ்சி காச்சிக் குடுத்தேன் என்றார். எந்த ஆஸ்பத்திரி, என்ன கஞ்சி? என் பிள்ளை காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டு கிடந்தது பெற்றவளுக்கு மட்டும் தெரியவில்லை. ரத்தம் போக நான் பழக்கிய மாதிரியே உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து, குழாயைத் திறந்துவிட்டுக் கோழியை அலசினாயாம், அந்தத் தண்ணீர் பக்கத்தில் நறுக்கி வைத்த வெள்ளரிக்காயில் தெறித்ததாம். கோழியை வேகவைத்தாய், வெள்ளரியை அப்படியே தின்றாய். மருமகள் ஃபராவுக்கு வெள்ளரி பிடிக்காது, தப்பித்தாள். பச்சைக் கோழியில் இருக்கும் சல்மொனெல்லா என்ற கிருமி என்றாராம் டாக்டர். அம்மா மனசு ஒடைஞ்சிரும், சொல்லாதீங்க மாமி என்று நீ கெஞ்சினாயாம். அதையும் என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

பொறாமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நம் நாசி கண்டார் சோற்றுக்கடையில் கூடை கூடையாகக் கோழி கழுவுகிறவளுக்கு, கோழியைக் கழுவவே கூடாது என்று அவர் பாடம் எடுக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அவர் கஞ்சியை நீ இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தாயாமே. நான் வைத்தால் வெந்தய வாசம் என்று கிண்ணத்தைத் தள்ளுவாய்.

வயிறெரிந்தபடியே நம் கிளினிக் டாக்டரிடம் கேட்டேன், அவளும் உன் மாமியார் பக்கம்தான். அதனால் இனி கோழியைக் குழாயடியில் அலசாதே, காகிதத்தால் ஒற்றி எடுத்துச் சட்டியில் போடு, எலும்பு வரை வேகட்டும். கோழி வெட்டிய கத்தி, பலகை, உன் கை எதுவும் சோப்பு போடாமல் காய்கறிப் பக்கம் போகக்கூடாது. மீந்த குழம்பை ஆறப்போட்டு மறந்துவிடாதே, ஐஸ்பெட்டியில் வை. கடையிலும் நான் மாற்றிவிட்டேன், இதை அவரிடம் சொன்னால் உன்னோடு பேசமாட்டேன்.

கஞ்சியை அவரே காய்ச்சட்டும், அத்தனை தூரத்துக்கு என் கை எட்டாது. ஆனால் உனக்கு ஒன்று என்றால் முதலில் எனக்குச் சொல்லு. என்னால் வந்தது என்றாலும் சொல்லு, நான் அழுதுவிட்டுப் போகிறேன். உனக்காகக் கவலைப்படுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டால் எனக்கு என்னடா மிச்சம்?

நீயும் ஃபராவும் நோய்நொடி இல்லாமல் வாழ என் துஆ என்றும் உண்டு. சாப்பிடும் முன் கை கழுவு.

உன்னைப் பெற்றவள்,
நூர் பீவி