வேறு சிப்புக்குப் பார்த்த வைத்தியம்

அன்புள்ள மகராசிக்கு,

நானும் அத்தையும் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் நாம் மூன்றாவது வாக்கியத்தில் சண்டைக்குப் போய்விடுகிறோம். போதாததற்கு அத்தை, உன் அம்மாவாயிற்றே, என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, இளைச்சுட்டாளான்னு கேளுங்க என்பார். இளைத்ததை நீயே எப்படிச் சொல்வாய்? அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டது ஒரே கேள்வி. ஆபத்தென்றால் பட்டனை அழுத்தி என்னைக் கூப்பிட, அத்தை கழுத்தில் போட நான் செய்த அலாரத்தை நம்பலாமா, கூடாதா? நம்பலாம் என்றால் அந்த ஊர் ஆஸ்பத்திரி வேலையில் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாய். கூடாது என்றால் கிளம்பி வந்துவிடுவாய். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, நான் ஆபீஸிலிருந்து வரும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தாரே, அதற்குப் பிறகு நீ இப்படிக் கேட்பது நியாயம்தான்.

இத்தனை நாள் பதில் சொல்லாததற்குக் காரணம் பேட்டரி. மாதக்கணக்கில் ஓட வேண்டியது, ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. செத்துப்போன அலாரத்தைக் கழற்றி வந்து மேஜையில், சிப்பில் புரோகிராம் ஏற்றும் என் டெவலப்மென்ட் போர்டோடு வயரில் இணைப்பேன், புரோகிராமைத் திருத்தி ஏற்றுவேன், கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று அளப்பேன். அருமையான சின்ன எண் வரும். சாதனம் தூங்குகிறது, மூச்சுகூட விடவில்லை என்று அர்த்தம். புது பேட்டரி போட்டுக் கழுத்தில் மாட்டுவேன். அந்த வாரமே மறுபடி செத்துவிடும். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. பேட்டரிக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அத்தை இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னதான் செய்கிறார் என்று அவரையே சந்தேகப்பட்டேன். அவரோ, மாப்பிள்ளை, இந்தத் தாயத்து எனக்கா, இல்ல உங்க கோவத்துக்கான்னு கேட்டார்.

கடைசியில் எரிச்சலில், அலாரத்தில் இருக்கும் விளக்கு மின்னட்டும் என்று ஒரு வரி சேர்த்து ஏற்றினேன். அலாரம் இருண்டே கிடந்தது. திட்டினேன். அப்புறம்தான் பார்த்தேன், என் முழங்கைக்குக் கீழே போர்டின் சொந்த விளக்கு ஜோராக மின்னிக்கொண்டிருந்தது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்தப் போர்டுக்கென்று சொந்தமாக ஒரு சிப் உண்டு. வெளியே இன்னொரு சிப்பை இணைத்தால், அதில் மின்சாரம் இருந்தால்தான் போர்டு அதைக் கண்டுகொள்ளும். இல்லாவிட்டால் வாயே திறக்காமல் தன் சிப்பிலேயே ஏற்றிக்கொண்டு, முடிந்தது என்று சொல்லிவிடும். நான் ஒவ்வொரு முறையும் பேட்டரி செத்த பிறகுதானே கொண்டுவந்தேன்? ஆக, ஏற்றியதும் போர்டின் சிப்பில், அளந்ததும் போர்டின் சிப்பை. இத்தனை நாள் அத்தை கழுத்தில் தொங்கியது என் முதல் தப்பு, அப்படியே, ஒரு எழுத்தும் மாறாமல். காலேஜில் முதல் வருஷம் படிப்பவன்கூடச் சிரிப்பான்.

பிறகு ஒழுங்காகச் செய்தேன். அலாரத்துக்குப் புது பேட்டரி போட்டு, அந்தப் பேட்டரி வழியிலேயே மீட்டரைக் கோத்தேன். நிஜ எண் பயங்கரமாக இருந்தது. போனுக்குச் சிக்னல் அனுப்பும் ரேடியோ தூங்கவே இல்லை. திருத்திய புரோகிராமை அலாரத்திலேயே ஏற்றி, காபி ஆறுவதற்குள் சரிசெய்துவிட்டேன். எண் இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றது. தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு, அத்தையைப் பட்டனை அழுத்தச் சொன்னேன். என் போன் அலறியது. சும்மா சோதனைதான் என்று தெரிந்தும் படியேறி ஓடினேன். அவர் அடுப்படியில் நின்றுகொண்டு, பரவால்லையே, நல்லா ஓடுறீங்களே என்றார்.

அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்: இது வேல செஞ்சா அவ வரமாட்டா, இல்ல?

ஆமாம் என்றேன். அப்ப சொல்லாதீங்க மாப்பிள்ளை, இன்னும் ரிப்பேர்லயே இருக்கட்டும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல என்னால் முடியாது என்றேன். பொய் யாரு சொல்லச் சொன்னா, கொஞ்சம் மெதுவா சரிபண்ணுங்கன்னுதானே சொல்றேன் என்றார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அலாரத்தை மட்டும் கழற்றாமல் போட்டிருக்கிறார்.

எனக்குப் புரியாதது வேறு. சரியான எண் வந்ததும் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. மீட்டரைத் தட்டிப் பார்த்தேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், மறுபடி அளந்தேன். எண் தப்பாக இருந்தால் தேவலை என்று ஒரு நொடி தோன்றியது. ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. தப்பு எங்கே என்று கேட்டால் தேடிக் கண்டுபிடிப்பேன். எல்லாம் சரியாக இருக்கும்போது எங்கே தேடுவது?

அலாரம் வேலை செய்கிறது. நம்பலாம். நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதே. உன் அம்மா விழுந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். அவர் விழாமல் நன்றாக இருக்கும் நாட்களில் என்ன செய்வது என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எது முடிவானாலும் முதலில் எனக்குச் சொல், அத்தையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்