வாரத்துக்கு விட்ட கோழிகள்

ஆவணி 4, வியாழன்

வெக்கை. காத்தே இல்லை. பாத்திர அறை துடைச்சது: அண்டா, தவலை, தூக்கு, குத்துவிளக்கு. எல்லாத்துலயும் அவுக பேரு வெட்டியிருக்கு. பேரு இருக்கு, ஆளு ரங்கோன்ல.

கடுதாசி வந்துச்சு. இந்த மூணு வருசக் கணக்கு முடிஞ்சாலும் கடைய விட்டுட்டு வர முடியாதாம். இன்னும் ஒரு வருசம் ஆகுமாம். உடம்பப் பாத்துக்கணுமாம். பாத்துக்கிறேன், வேற என்ன சோலி எனக்கு.

மாமியா அடுப்பு அங்குட்டு, என் அடுப்பு இங்குட்டு. கல்யாணமான வருசமே வேற வச்சுட்டாக, எல்லா வீட்டுலயும் போல. ஒரே வீடு, ஒரே கிணறு. பேச்சு மட்டும் நல்லநாள் பெரியநாளைக்கு. ஒத்த ஆளுக்குச் சோறு வடிக்கிற மாதிரி எரிச்சல் புடிச்ச வேலை உலகத்துல கிடையாது.

கொல்லைப்பக்கம் பேச்சி வந்தா. கண்மாய்க்கரைக் குடிசைக்காரி, புருசன் இல்லாதவ. எதிர்த்தெருவுல செட்டியார் கட்டுற புதுவீட்டுல சித்தாள். கோழி வாரத்துக்கு வேணுமாம். கோழி வாங்கிக் குடுக்கிறது நான், வளக்கிறது அவ, குஞ்சு ஆளுக்குப் பாதி.

"ஆடு மாடுதாண்டி வாரத்துக்கு விடுவாக."

"ஆடு கேட்டா மட்டும் குடுத்துருவீகளா ஆச்சி?"

வாய்க்காரி. ஆனா யோசிச்சுத்தான் வந்திருக்கா. அந்த வீட்டுச் செவத்துக்குச் சுண்ணாம்பு அரைக்கையில வெள்ளைக்கருவா ஊத்துறாகளாம். முட்டை காரைக்குடிச் சந்தையிலேருந்து வண்டியில வருது. பாதி ஒடஞ்சது, மீதி அழுகினது. "கிட்டத்துல இருந்து குடுத்தா வேணாம்பாகளா?"ங்கிறா.

எங்க ஆத்தா எனக்குன்னு வச்சுட்டுப்போன காசு இருக்கு. அத யாரும் கேள்வி கேக்க முடியாது. சரின்னேன். நாலு பெட்டை, ஒரு சேவல்.

மறக்காம: புளி, விளக்குத்திரி, மச்சுக் கதவுக்கு எண்ணெய்.

ஐப்பசி 18, புதன்

மழை. வளவு முத்தம் பூரா தண்ணி.

பேச்சி என் பங்குக் குஞ்சைக் கூடையில போட்டு மூடிக்கிட்டு வந்தா. "இங்கன விட்டா மாமியாளுக்கு சாமி வந்துரும்டி, கொண்டு போ"ன்னேன். அவளுக்குப் பக்கத்துக் குடிசை ராக்கு கேட்டுக்கிட்டே இருக்காளாம். அவளுக்கும் அதே வாரம்தான். அவகிட்டருந்து வரப்போற பாதி அடுத்த குடிசைக்குன்னு இப்பவே பேசி வச்சிருக்காளுக. கண்மாய்க்கரை பூரா என் கோழி மேயப்போகுது. நான் ஒண்ணக்கூடப் பாத்ததில்லை. அங்குட்டுப் போற வழக்கம் எங்களுக்கு ஏது.

பேச்சி தினம் காலையில வந்து கோழிச் சேதி சொல்லுறா. எது அடை படுத்தது, எதைக் கீரி தூக்கிருச்சு, எது அடுத்த வீட்டுக் குப்பையில முட்டை விட்டுட்டு இங்க வந்து கத்துது. ராக்கு மாமியா கோழியோட பேசுற பேச்சை அவ அவிநயம் புடிச்சுக் காட்டுனதுல எனக்கு விலா நோவு.

ரெண்டு பேருக்குக் காப்பி போடுறேன். அவ தம்ளரு கொல்லைச் செவத்து மாடத்துல. அவ வர்ற நேரத்துக்கு வேலைய ஒதுக்கிட்டு ஒக்காந்துக்கிடுறேன். வெக்கமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

பங்குனி 5, வெள்ளி

காலையில லேசாப் பனி, பத்து மணிக்குத் தீயாச் சுடுது.

புதுவீட்டு மேஸ்திரியக் கூப்பிட்டு விட்டுக் கதவுக்குப் பின்னாடி நின்னு பேசினேன். "ஆச்சி வீட்டு முட்டைன்னா கண்ண மூடிட்டு வாங்குவேன்"னாரு. யாரு வளத்ததுன்னு அவரு கேக்கலை, நானும் சொல்லலை.

பேச்சி, ராக்கு, இன்னும் ரெண்டு பேரு சித்தாள் வேலைய விட்டுட்டாளுக. முட்டை சேக்கிறது, கோழிக்குத் தீனி பாக்கிறதுன்னு நாளெல்லாம் சரியா இருக்காம்.

முட்டை கொண்டு போக வைக்கோலு போட்ட பித்தளைத் தவலையப் பேச்சிகிட்டக் குடுத்தனுப்பினேன். பேரு வெட்டினத. அதப் பாத்தா எவன் வாயத் தொறப்பான்? என் புத்தியை நானே மெச்சிக்கிட்டேன்.

பங்குனி 8, திங்கள்

மாமியா வளவைத் தாண்டி என் அடுப்படிக்கு வந்தாக. பொங்கலுக்குப் பெறகு இப்பத்தான்.

"உமையா, என் மகன் பேரு வெட்டின தவலை கண்மாய்க்கரைக் குடிசை வாசல்ல கவுந்து கெடக்காமே? அவன் கடல் தாண்டிக் கெடந்து பாடுபடுறான், நீ அவன் பேரைக் கோழிக்கூட்டுல வைக்கிறியா?"

தண்ணிக்குப் போன யாரோ பாத்துட்டாக. அடுத்தது புதுவீட்டுக்காரக காதுக்குப் போயிருச்சு. "அந்தக் குடிசை முட்டையா எங்க செவத்துக்கு?" மேஸ்திரி முட்டைய வாசலோட திருப்பிட்டாரு. சாதா ஓலைக் கொட்டான்ல போயிருந்தா யாரும் கண்டிருக்க மாட்டாக. புத்திசாலித்தனம்னு நானே போட்டு ஒடச்சேன்.

இந்த வெயில்ல முட்டை எத்தனை நாள் தாங்கும்? சித்தாள் வேலைக்கும் வேற ஆளு சேத்தாச்சாம். நாலு குடிசையிலயும் நாளைக்கு அடுப்பெரியுமான்னு தெரியலை. பேச்சி காப்பி வேணாம்னு போயிட்டா.

மாமியா ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாக, திட்டத்தான். அவுக எந்திரிச்சுப் போனதும் வீடு இன்னும் பெருசாயிருச்சு.

பங்குனி 9, செவ்வாய்

சாயங்காலம் பேச்சி மூச்சு வாங்க ஓடியாந்தா.

நாலு பேரும் தலையில கொட்டானோட கட்டடத்துக்கே போயிட்டாளுக. நேரா மேஸ்திரி முன்னாடி. "சந்தையில வாங்கினீகளே, அது மட்டும் அரமணை முட்டையா? எங்களை மாதிரிக் குடிசைகள்ல பொறுக்கிட்டுப் போயித்தானே யாவாரி ஒங்களுக்கு வித்தான்?"

சுண்ணாம்பு அரைச்சு நிக்குது, சந்தை வண்டி வரலை. செட்டியார் உள்ளருந்து, "அவ சொல்லுறதும் நெசந்தானப்பா. வாங்கிப் போடு, வேலை நிக்கக் கூடாது"ன்னாராம். வீடு முடியிற வரைக்கும் இவளுகதான் குடுக்கணும்னு பேச்சாம்.

என் பேரு இல்லாம, என் தவலை இல்லாம. அழுகை வந்துருச்சு எனக்கு. சந்தோசம்தான். கொஞ்சம் பொறாமையும்.

சித்திரை 3, வெள்ளி

வெயிலு மண்டையப் பொளக்குது. பேச்சி தவலையப் புளி போட்டு வெளக்கிக் கொண்டாந்தா. நான் குடுத்ததுக்கு ஈடா நாலு பெட்டையும் ஒரு சேவலும்.

"வாரம் தீந்துச்சு ஆச்சி. இனி சொந்தமா வச்சுக்கிறோம்."

எனக்கு எதுக்குடி, வித்துக்கன்னு திருப்பி அனுப்பினேன். மாட்டேன்னு அடம் புடிச்சுட்டுத்தான் எடுத்தா.

சேதி: ராக்கு வீடு புதுசா வேய்ஞ்சாச்சு. அவ மக பள்ளிக்கூடம் போகுது. அடுத்த ஊர்லயும் ஒரு வீட்டுக்கு முட்டை கேட்டிருக்காக, கரையில எல்லாக் குடிசையும் இப்ப கோழி வளக்குது. கட்டடத்துல "ஏய்"னு கூப்பிட்டா இவளுக யாரும் திரும்பிப் பாக்கிறதில்லையாம்.

அப்புறம், "காலம்பர இனி வர முடியாது ஆச்சி. முட்டை பொறுக்கவே சரியாப்போகுது."

வராத, வேலையப் பாருன்னேன். வேற என்ன சொல்ல.

சித்திரை 9, வியாழன்

ரெண்டு பேருக்குக் காப்பி போட்டு ரெண்டையும் நானே குடிச்சேன். விடிஞ்சதுலருந்து ஒரு மனுசக் குரல் கிடையாது. ரங்கோன் கடுதாசியும் இல்லை.

பத்து மணி போல பேச்சி கரையில கொட்டானோட போனா. கொல்லைக் கதவைத் தொறந்து கூப்பிட்டேன். என்னமோ ஏதோன்னு வந்தா.

"எனக்கு ஒரு பெட்டை வாரத்துக்குக் குடுடி. மாட்டுக்கொட்டாய்ல வளக்கிறேன், மாமியாளுக்கு சாமி வந்தா வரட்டும். குஞ்சு ஆளுக்குப் பாதி."

சிரிப்பாளோன்னு நெனச்சேன். சிரிக்கலை. கொட்டானை எறக்கி வச்சுட்டுச் சொன்னா.

"வாரத்துக்கு விட்டா நான் அடிக்கடி வந்து பாப்பேன் ஆச்சி. கோழி எளச்சிருந்தா சத்தம் போடுவேன்."

போடுன்னேன்.