ரேஸுக்குப் போன என் கை

அன்பு மகன் திலக்ஷனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை கிருஷாந்தி மூன்று பேரும் அம்மன் காவலில் சுகமாக இருக்கிறோம், அந்த வெயில் காட்டில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். தினமும் போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிற அம்மாவுக்குத் திடீரென்று கடிதம் எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது ராசா, அதனால்தான். சுமன் லீவு முடிந்து உன் கம்பெனிக்கே திரும்பி வருகிறான், அவனிடம் தேயிலைத்தூளும் மாசிச் சம்பல் போத்தலும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் கொடுத்திருக்கிறேன். முதலில் இதைப் படி. படித்த பிறகும் சாப்பிட மனம் வந்தால் சம்பலைத் திற.

இங்கே மழை விட்டபாடில்லை, உடுப்பு காயப்போட இடமில்லாமல் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டியிருக்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஊர் முழுக்க மணக்க மணக்க நடக்கிறார். கிருஷாந்தி நோர்வூட்டில் தையல் வகுப்புக்குப் போகிறாள், எனக்குச் சேலைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள், இறுக்கம் என்று வாயைத் திறந்தால் கோபித்துக்கொள்வாள் என்று மூச்சுப் பிடித்துக்கொண்டு அதைத்தான் பிரதேச சபைக் கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். உன் அம்மா சபை உறுப்பினர் என்று நீ அங்கே எல்லோரிடமும் சொல்வதாகச் சுமன் சொன்னான். போன மாதம் நீ போன் எடுத்து, "அம்மா, நீங்கதான் ரேஸக் காப்பாத்துனீங்களாம், தவிசாளரே பேஸ்புக்ல போட்டிருக்காரு, எங்க ரூம்ல எல்லாருக்கும் காட்டிட்டேன்" என்று குதித்தாயே, நான் சிரித்துவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை. அன்றையிலிருந்து உன்னிடம் பேசும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

சின்னப் பிள்ளையில் சித்திரை சீசன் வந்தால் உன்னைப் பிடித்து வைக்க முடியாது, மேட்டில் ஏறி நின்று கார் போகிற சத்தத்தை வைத்தே எந்தக் கார் என்று சொல்வாய். அதனால்தான் நீ மெக்கானிக் ஆனாய், அதை நான் மறக்கவில்லை. ரேஸ் நடக்கிற வாரத்தில் டவுன் கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம், ரொட்டிக்கடை நஜீம் நானா அந்த வாரத்தில் விற்கிற ரொட்டியை வைத்துத்தான் மழைக்காலத்தைத் தள்ளுகிறார், நம்முடைய பிள்ளைகளும் சோளம் அவித்து விற்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ரேஸ் பாதைக்குத் தார், கொட்டகை, டயர் அடுக்கு, பரிசு எல்லாமே சபைக் காசு. வருஷா வருஷம் ரேஸ் பாதைக்கு மேலே மேலே தார் விழுகிறது, நம் கீழ்ப்பிரிவுக்குப் போகிற ஓடைப் பாலம் போன பெருமழையில் அடித்துக்கொண்டு போனது போனதுதான், இன்னும் இரண்டு மரத்தைப் போட்டு அதன்மேல்தான் ஏறி இறங்குகிறோம். கார் வைத்திருக்கிறவன் கார் ஓட்டட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது, அந்தச் செலவை ஓட்டுகிறவர்களும் விளம்பரம் போடுகிற கம்பெனிக்காரர்களும் பார்க்கட்டும், ஊர்க் காசு பாலத்துக்கு வரட்டும். இதுதான் என் கட்சி. இதைச் சொல்லித்தான் லயம் லயமாகப் போய் ஓட்டுக் கேட்டேன். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்த நம் அழகம்மா அக்கா, வாசலில் உட்கார்ந்தபடியே வருகிற போகிற எல்லோரிடமும் "நாகுக்குப் போடுங்க, பாலம் வரும்" என்று எனக்காகத் தொண்டை கிழியக் கத்தியது. அக்கா கிளினிக்குக் கடந்து போகவேண்டிய பாலம்தானே.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன மாதச் சபைக் கூட்டத்தில் இனிமேலும் சபைக் காசில் ரேஸ் நடத்துவதா இல்லையா என்று வாக்கெடுப்பு. எனக்குக் கடைச் சிங்களம் நன்றாக வரும், கூட்டத்துச் சிங்களம் கொஞ்சம் கரடுமுரடு, அதனால் பக்கத்தில் நஜீம் நானாவின் மகள் பஸ்மிலா உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள், அதுதான் சபையில் அவள் வேலை. அந்தப் பிள்ளை தெளிவாகத்தான் சொன்னாள், "பேர் வாசிப்பாங்க மாமி, ரேஸ் வேணும்ங்கிறவங்க கை தூக்கணும், வேணாம்ங்கிறவங்க பேசாம இருக்கணும்" என்று. எனக்கும் விளங்கியது. ஆனால் வாக்கெடுப்பு முடிந்ததும் பாலத்தைப் பற்றி நான் எழுந்து பேச வேண்டும், அந்தப் பேச்சை மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலாளர் பேர் வாசிக்கிறார், ஒவ்வொரு கையாக ஏறுகிறது, நான் பாலத்தில் இருக்கிறேன். முத்துலிங்கம் நாகலெட்சுமி என்று கேட்டது. உனக்குத் தெரியும்தானே, பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து விடியக்காலம் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டால் கை தூக்கி "இருக்கேன்" என்று சொல்லிப் பழகிய உடம்பு இது. தூக்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. என் கை தானாக மேலே போய்விட்டது. வாயும் "இருக்கேன்" என்றது. செயலாளர் ஒரு கோடு கீறிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

பஸ்மிலா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கை வித்தியாசத்தில் ரேஸ் பக்கம் ஜெயித்தது என்று சொன்னார்கள், கைதட்டினார்கள். தவிசாளர் தலைமைக் கதிரையை விட்டு இறங்கி என் கதிரைக்கே வந்து கும்பிட்டு, "நாகலெட்சுமி அக்கா, பொஹோம ஸ்தூதி" என்று சிங்களத்தில் நன்றி சொன்னார். அப்போது எழுந்து நின்று, ஐயா இது தவறுதலாகத் தூக்கிய கை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பல்லைக் காட்டினேன் திலக்ஷன். பெரட்டு என்று நினைத்துக் கை தூக்கினேன் என்று அந்தக் கோட்டுச் சூட்டு ஆட்கள் நடுவே எப்படிச் சொல்வது, தோட்டத்துப் பொம்பளையைக் கதிரையில் உட்கார வைத்தால் இப்படித்தான் என்று ஏற்கனவே வாய்க்குள் சொல்லிக்கொள்கிறவர்கள் அவர்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், அதுவரைக்கும் அந்தச் சபையில் என்னை ஒருவரும் தேடி வந்து கும்பிட்டதில்லை, அந்த நிமிஷம் எனக்கு அது பிடித்தும் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

லயத்துக்கு வருவதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டது. பைப்படியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். "நல்லா வாங்கிட்டா" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னது என் காதில் விழத்தான் சொன்னார்கள். அப்பா வாசகசாலைக்குப் பேப்பர் படிக்கப் போவதை விட்டுவிட்டார், கேட்டால் முழங்கால் என்கிறார். அழகம்மா அக்கா மட்டும் திட்டவில்லை, "ஏன்டி நாகு, அன்னைக்கு நீ கூட்டத்துக்குப் போகலியா" என்று கேட்டது. நான் போகாததால்தான் தோற்றுப்போனோம் என்று அது நினைப்பதாக எனக்குப் பட்டது. ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்றை நீ புரிந்துகொள், காசு வாங்கிவிட்டாள் என்று ஊரே சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. களவாணி என்றாலும் பொறுத்துக்கொண்டேன், முட்டாள் என்று சிரிப்பார்களே என்றுதான் பயந்தேன். எவ்வளவு கேவலமான புத்தி பார்.

அப்புறம் நம் பக்கத்து உறுப்பினர் ஜீவராஜ் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அவரிடம்தான் முதன்முதலில் உண்மையைச் சொன்னேன். அவர், "இதப் போயி வெளிய சொல்லாதீங்கக்கா, நம்ம எல்லாருக்கும் மானக்கேடு. மொழிபெயர்ப்பு சரியில்ல, அதனால தப்பாத் தூக்கிட்டேன்னு சொல்லுங்க. அப்ப அது நம்ம மொழிப் பிரச்சினையாயிரும், நாங்களும் சத்தம் போடலாம்" என்றார். கேட்கும்போது எவ்வளவு மரியாதையாக இருந்தது தெரியுமா, முட்டாளும் இல்லை களவாணியும் இல்லை, அநியாயம் செய்யப்பட்டவளாக நிற்கலாம். இரண்டு நாள் அந்தப் பொய்யைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் பஸ்மிலாவுக்கு அந்த வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு வார்த்தை பிசகாமல் சொன்ன பிள்ளை, என் மானத்துக்காக அவள் வேலையைப் பிடுங்குவதா. அதுவும் அவள் வாப்பா கடைக்கு ரேஸ் வந்தால்தான் வியாபாரம், அவளுடைய பக்கம் ஜெயித்ததற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்கலாம், ஆனாலும் என் முந்தானையைப் பிடித்து இழுத்தவள் அவள்தானே.

முந்தாநாள் அடுத்த கூட்டம். போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்துவிட்டு, திருத்தம் ஏதாவது உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார்கள். எழுந்தேன். பஸ்மிலாவிடம், நான் சொல்வதை அப்படியே சிங்களத்தில் சொல், நல்லதாக்கிச் சொல்லாதே என்றேன். பெரட்டில் பேர் கூப்பிட்டால் கை தூக்கிப் பழக்கம், அன்றைக்கும் அப்படித்தான் தூக்கிவிட்டேன், ரேஸுக்குத் தூக்கவில்லை, இந்தப் பிள்ளை சரியாகத்தான் சொன்னாள், தப்பு என்னுடையது, அன்றைக்கே சொல்லாததும் என்னுடைய தப்பு என்றேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் சபையே சிரித்தது. ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நம் பக்கத்து ஆட்களும் குனிந்துகொண்டு சிரித்தார்கள், ஜீவராஜ் மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியதை மாற்ற முடியாது என்றார் தவிசாளர். ரேஸ் பக்கத்திலேயே இருக்கிற ஒரு சிங்கள அம்மாதான், தெரியாமல் தூக்கிய கையை வைத்து ஜெயித்தோம் என்றால் நமக்குத்தான் அசிங்கம், மறுபடியும் பேர் வாசியுங்கள் என்றது.

அதற்குப் பிறகு தவிசாளரால் மறுக்க முடியவில்லை, மறுபடியும் வாசித்தார்கள். என் முறை வருகிறது, இந்தக் கையை நம்ப முடியாதே, வலது கையை மடியில் வைத்து இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்து இன்னொரு தடவை சிரித்தார்கள், யாரோ போனில் படமும் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. சமமாக வந்தால் தவிசாளருடைய வாக்குத்தான் தீர்ப்பு. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், கதவுப் பக்கம் பார்த்தார், அங்கே கீழ்ப்பிரிவு ஆட்கள் சிலர் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள், பிறகு கையைத் தூக்கினார். ரேஸுக்குத்தான். ஆக ரேஸ் நடக்கும், பாலம் வராது. அம்மா அவமானப்பட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது இவ்வளவுதான், பாலத்தைத் தள்ளிப்போட்டது யார் கை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அது என் கை இல்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ஓடைக் கரையில் கூட்டமாக நின்றார்கள். அழகம்மா அக்காவுக்குக் கிளினிக் நாள், நாற்காலியில் உட்கார வைத்து அந்த மரங்களுக்கு மேலே நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள், "நல்லா வாங்கிட்டா" என்று சொன்ன ஆட்களும் அதில் இருந்தார்கள். மரம் வழுக்கியது, ஒருத்தன் தடுமாறினான், நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டேன். அக்கா மேலே இருந்து என் தலையைப் பிடித்துக்கொண்டது. கரை ஏறிய பிறகு நான்தான் கை தூக்கினேன் அக்கா என்று சொல்லிவிட்டேன். அக்கா "தெரியும்டி, அன்னைக்கே சொன்னாங்க. நீயா சொல்லுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றது. அழுதுவிட்டேன்.

அந்தப் படம் உனக்கும் வரும் ராசா, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படம், கீழே கண்டபடி எழுதியிருப்பார்கள். நீ கோபத்தில் பதில் எழுதிச் சண்டைக்குப் போகாதே. ரேஸைக் காப்பாற்றியவள் என் அம்மா என்று உன் ரூம் பையன்களிடம் காட்டினாயே, அவர்களிடம் உண்மையை நீயே சொல்லிவிடு, வேறொருவன் காட்டி நீ தலை குனிய வேண்டாம். என்னால் உனக்கு வெட்கமாக இருக்கும், தெரியும், எனக்கே இருக்கிறது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, சம்பலைச் சுமனுக்கும் கொடு. அம்மன் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், அப்பாவும் தங்கையும் உன்னை மிகவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். சித்திரைக்கு லீவு கிடைத்தால் கட்டாயம் வா. ரேஸ் பார்க்கப் போ, நான் தடுக்க மாட்டேன், உனக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாரத்தில்தான் அக்காவுக்கு அடுத்த கிளினிக், நாற்காலி தூக்க ஒரு ஆள் குறைகிறது. அக்காவை அந்தக் கரையில் இறக்கிவிட்டு, அங்கிருந்து நேராகப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா
மு. நாகலெட்சுமி