அனுசியா அக்காவுக்குப் போட்ட ஊசி

விருத்தாசலம்

அன்புள்ள அம்மாவுக்கு ஜெசி வணக்கம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? தூத்துக்குடியில் மழை விட்டதா? நான் எச்.ஐ.வி. மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேன்.

பாலியல் தொழிலாளர்களுக்கு நடந்த சோதனையில் எனக்குச் சிபிலிஸ் என்னும் மேகநோய் இருப்பதாகச் சொன்னார்கள். வலியே இல்லை, பயப்படாதீர்கள். ஊசி போட்டுவிட்டார்கள். இங்கே என்னோடு தொழில் செய்யும், என்னைப் போலவே மாத்திரை சாப்பிடும் அனுசியா அக்காதான் சோதனைக்கு வர மறுத்தாள்.

“அந்த நோயே வந்துடுச்சு. இன்னும் என்னாடி வரப்போவுது?”

“இதுவும் சேந்தா உடம்பு தாங்காதுக்கா. ஊசி போட்டா போயிரும், வாக்கா” என்று கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

அவளுக்கும் இருந்தது. ஊசி போடும்போது நர்ஸ், “கூட வந்திருக்கறது யாருங்க?” என்று கேட்டார்.

“என் தங்கச்சி” என்றாள் அக்கா.

இந்த ஊரில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை அம்மா.

மாத்திரையால் வாய் கசக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு பேருக்கு அனுப்புங்கள். அக்கா கூப்பிடுகிறாள், முடிக்கிறேன்.

உங்கள் ஜெசி