கடிக்கிற குட்டி

அன்புள்ள அக்கா,

நீ விட்டுப்போன நாய்க்குட்டிக்குப் பல் முளைக்கிறது. நாற்காலிக் கால், துடைப்பம், என் விரல் என எதையும் விடுவதில்லை. நேற்று அப்பாவின் செருப்பைக் குதறிவிட்டது. "இதுவும் இந்த வீட்டை விட்டுப் போகட்டும்" என்றார். அம்மா அடுப்படியிலேயே நின்றுவிட்டாள்.

குட்டியை நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். வெளியாட்களிடம் எனக்குத்தான் பேச வராதே, கையிலிருந்த பல் தடங்களைக் காட்டினேன்.

"மெல்றதுக்கு ஈரத்துணி குடும்மா. கடிச்சா அடிக்காதே, முகத்தைத் திருப்பிக்கோ. ஆனா கொஞ்ச நேரந்தான், உடனே கூப்பிட்டுடணும். ரொம்ப நேரம் திருப்பிக்கிட்டா எதுக்குன்னே அதுக்கு மறந்துடும், பயம் மட்டுந்தான் மிஞ்சும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன். நீயும் அத்தானும் வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் முடித்து வாசலில் வந்து நின்றபோது அவர் உள்ளே எழுந்து போனாரே, அதற்குப் பிறகு அவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"நாய்க்குத்தானே சொல்றே?"

"நாய்க்குத்தாம்பா."

குதறிய செருப்பை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு ஈரத்துணியை நீட்டி, "வாடா" என்று குட்டியைக் கூப்பிட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது.

நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், அக்கா. அவர் வேறு யாரையும் கூப்பிடவில்லை.

உன் தங்கை