மூடி மன்னனின் கால அட்டவணை

மார்ச் 3, செவ்வாய்

கால அட்டவணையை இன்று சுவரில் ஒட்டிவிட்டேன். பெரிய பெரிய கம்பெனி முதலாளிகள் எல்லாரும் ஒரு நாளை இப்படித்தான் மணி மணியாகப் பிரித்து வைப்பார்களாம். நானும் முதலாளிதானே! மூடி மட்டும் விற்கிற ஆன்லைன் கடை உலகத்திலேயே என்னுடையது ஒன்றுதான். உலகம் முழுக்க விசாரிக்கவில்லை, இந்தத் தெருவில் வேறு இல்லை. சட்டி இருக்கும், மூடி உடைந்திருக்கும். பிளாஸ்க் இருக்கும், மூடி பஸ்ஸோடு போயிருக்கும். அவர்களுக்கெல்லாம் நான்தான் கதி.

ஐந்தரைக்கு எழுவது. ஆறிலிருந்து ஏழு கணக்கு. ஏழிலிருந்து எட்டு விஞ்ஞானம். ஒன்பதிலிருந்து ஒன்று வரை ஆர்டர் பார்த்துப் பெட்டி கட்டுவது. இரண்டிலிருந்து நாலு வியாபார வீடியோ. ஐந்துக்குக் கூரியர்காரர். ஏழரைக்கு டைரி.

மொழிப்பாடம் வைக்கவில்லை. எனக்கு எதற்கு அது? பேச ஆரம்பித்தால் மைக்கே களைத்துப்போகும்.

நாலிலிருந்து ஐந்துக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

ஐந்தரைக்கு எழுந்தேன். (ஆறே கால். கடிகாரம் வேகமாக ஓடுகிறது.)

எட்டாம் வகுப்புப் புத்தகங்கள் மொத்தமும் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கியவை. விஞ்ஞானத்தில் தேனீக்கு ஐந்து கண் என்று அச்சடித்திருக்கிறார்கள். தவறு. ஒன்பது. எனக்கு நன்றாகத் தெரியும். எங்கே படித்தேன் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. பக்கத்தின் ஓரத்தில் திருத்தி வைத்திருக்கிறேன்.

இன்று நாற்பது ஆர்டர். சரி, நாலு. உற்சாகத்தில் ஒரு பூஜ்யம் சேர்ந்துகொண்டது.

கூரியர்காரர் இரண்டு மாடி ஏறி வந்து, “என்ன முதலாளி, நாலு பொட்டிக்கு நாப்பத்தாறு படியா?” என்றார். மூன்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு நாலாவதற்கு மட்டும் அவர் வந்த பிறகே முகவரி ஒட்டினேன். அவசரம் இல்லாமல் ஒட்டினேன். அதுவரை அவர் உட்கார்ந்திருப்பார் அல்லவா.

மார்ச் 6, வெள்ளி

இன்று வாயைத் திறந்து பேசியது மொத்தம்: “இங்கயா கையெழுத்து?” அவ்வளவுதான். வேறு கூரியர்காரர் வந்திருந்தார். உட்காரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ரேடியோ பேசினாள். அண்ணன் மகள். தொட்டிலிலேயே நிறுத்தாமல் சத்தம் போட்டதால் நான் வைத்த பெயர். இரண்டு வருஷம் இந்த வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போனாள். கடையை ஆன்லைனில் ஏற்றிக் கொடுத்தது அவள்தான். (யோசனை என்னுடையது.) நாலு மணிக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அன்றைய ஆர்டரையெல்லாம் எனக்குச் சத்தமாக வாசிப்பாள். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, நீயே வாசி என்பேன். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருக்கும். இப்போது கடல் தாண்டி வேலை. ஐந்து மாதம் ஆகிறது.

“புதுசா விளம்பரம் எழுதப் போறேன்” என்றேன்.

“போடுறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க சித்தப்பா. ஒரு தடவை பாத்துத் தரேன்.”

“யாருகிட்ட சொல்ற? பத்தாவதுல மொழிப்பாடத்துல நான் மாவட்டத்துலயே முதல். பேப்பரைத் திருத்தின வாத்தியார் அழுதுட்டாராம்.”

“போன தடவை கண்ணுல ஒத்திக்கிட்டார்னு சொன்னீங்க.”

“ரெண்டும் செஞ்சார்.”

சிரித்தாள். பத்து நிமிடத்தில் வைத்துவிட்டாள். முன்பு எத்தனை நிமிடம் பேசுவாள் என்று கணக்குப் பார்த்தேன். அது கணக்கு நேரத்தில் சேராது.

மார்ச் 9, திங்கள்

விளம்பரம் தயார். சுருக்கமாக இருந்தால்தான் படிப்பார்கள் என்று வீடியோவில் சொன்னார்கள். சட்டி, பானை, பிளாஸ்க் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். கடைசியில் நின்றது இது:

“உங்கள் மூடி போய்விட்டதா? கவலை வேண்டாம்! அளவு மட்டும் சொல்லுங்கள். புத்தம் புது மூடி வீடு தேடி வரும். — மூடி மன்னன்.”

படிக்கும்போது எனக்கே புல்லரித்தது. படம் வைக்கவில்லை. எழுத்தே போதும். இருபத்திரண்டு வாட்ஸப் குழுக்களில் போட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

விளம்பரம் பற்றிக்கொண்டது! புது வாடிக்கையாளர், வேறு ஊர்க்காரப் பெண். என்னை அண்ணா என்றே எழுதுகிறார்.

“அண்ணா, சுத்தளவு 54 செ.மீ. கறுப்பா இருக்கணும். 20ஆம் தேதி மறுபடி வேலைக்குப் போறேன். அதுக்குள்ள கிடைக்குமா?”

கறுப்புப் பிடி போட்டது இருக்கிறது. கிடைக்கும் என்றேன்.

“காத்துக்குத் தூக்காதே?”

“புயலே வந்தாலும் அசையாதும்மா. ரெண்டு கையால தூக்கினாதான் வரும்.”

“கழுவலாமா?”

“தாராளமா. நார் போட்டுத் தேய்க்கலாம்.”

கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க தமாஷா பேசுறீங்க அண்ணா” என்று வந்தது. நான் எங்கே தமாஷ் செய்தேன்? அந்த அம்மா ஏதோ உணவு விடுதியில் பெரிய சமையல்காரராக இருக்க வேண்டும். தொழிலில் அக்கறை உள்ளவர்.

மார்ச் 11, புதன்

படிப்பு வீண் போகாது என்பதற்கு இன்றைய நாளே சாட்சி. எல்லாரும் குறுக்களவு சொல்வார்கள், இந்த அம்மா சுற்றளவு சொல்லிவிட்டார். வேறு கடைக்காரனாக இருந்தால் முழித்திருப்பான். நான் காலையில்தான் வட்டம் பாடத்தை முடித்திருந்தேன். ஐம்பத்து நாலை ஏழால் பெருக்கி, இருபத்திரண்டால் வகுத்தேன். பதினேழு புள்ளி ஒன்று எட்டு. ஆக, பதினெட்டு செ.மீ. கண்ணாடி மூடி. கச்சிதம்! நானே கை தட்டிக்கொண்டேன். தட்டிய பிறகு அறை முன்பைவிட அமைதியாக இருந்தது.

கூரியர்காரரிடம் சொன்னேன். “கணக்குல புலி முதலாளி நீங்க” என்றார். இரண்டு முறை சொல்ல வைத்தேன்.

மார்ச் 14, சனி

இன்று அட்டவணைப்படி எதுவும் நடக்கவில்லை.

மதியம் அந்தப் பெண்ணிடமிருந்து படம் வந்தது. மேஜைமேல் என் மூடி. கீழே: “முடி கேட்டா மூடி அனுப்பியிருக்கீங்க.”

எத்தனை தடவை படித்தேன்! ஒரே சொல்லை இரண்டு முறை எழுதியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். “ஆமாம்மா, அதைத்தான் அனுப்பினேன்” என்று பதில் போட்டேன். மடையன்.

போன் வந்தது. இதுவரை குரல் கேட்டதில்லை. சின்னக் குரல்.

“அண்ணா, நான் கேட்டது தலையில வைக்கிற முடி. ஆறு மாசமா எனக்கு வைத்தியம். எல்லாம் கொட்டிப் போச்சு. ஒரு முடிகூட இல்ல.”

ஐம்பத்து நாலு. அது தலை.

“என்கிட்ட எல்லாரும் ரகசியமாப் பேசுவாங்க அண்ணா. செத்த வீடு மாதிரி. நீங்க ஒருத்தர்தான், முடி போயிடுச்சா, கவலை வேண்டாம்னு பளிச்சுன்னு கேட்டிருந்தீங்க. படிச்சிட்டு ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சேன். அது கேலிதானா?”

இல்லைம்மா என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

விளம்பரத்தை எடுத்து, இந்த நோட்டை எடுத்து, ரேடியோ முன்பு செய்து கொடுத்த கடைப் பலகையையும் எடுத்து மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பலகையில் ‘மூ’வின் வாலில் ஒரு சுழி இருக்கிறது. நான் எழுதியதில் எங்கேயும் இல்லை. இந்த நோட்டில் ஒரு இடத்தில்கூட இல்லை. முடி, முடி, முடி. முடி மன்னன்.

ஒரு சுழி. அதை விட்டுவிட்டு ஒரு தலைக்குக் குறுக்களவு கண்டுபிடித்துக் கை தட்டியிருக்கிறேன். சீ.

மார்ச் 15, ஞாயிறு

ரேடியோ கூப்பிட்டாள். வியாபாரம் எப்படி என்றாள். அமோகம் என்றேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சொற்பொழிவு ஆற்றச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள், பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது என்றேன். ஆறு நிமிடம்.

மார்ச் 16, திங்கள்

அந்தப் பெண் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை. யார்தான் எடுப்பார்கள்?

மார்ச் 17, செவ்வாய்

எழுதித்தான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இதில் இன்னொரு சுழியை எங்காவது விட்டுவிட்டால்? ‘மன்னிப்பு’க்கு எந்த ன என்று அகராதியில் தேடினேன். தேடுவதற்கே எழுத்து தெரிய வேண்டியிருக்கிறது. ஐந்து தாள் கிழித்தாயிற்று. ஆறாவதில் எழுதியது இது:

“அம்மா, நான் கேலி செய்யவில்லை. நான் சட்டி மூடி விற்கிறவன். எனக்கு எழுத்தில் குறில் நெடில் தெரியாது. நான் படித்தது ஆறாம் வகுப்பில் பாதி. அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களைச் சிரிக்க வைத்தது நான்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அழ வைத்தது என் எழுத்து.”

இதை டைரியில்கூட நான் இதுவரை எழுதியதில்லை. எனக்கு நானே பத்தாவது பாஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தைத் தப்பில்லாமல் அனுப்ப ஒரே ஒரு வழிதான். நாலு மணிக்குப் படம் பிடித்து ரேடியோவுக்கு அனுப்பினேன். “பார்த்துத் தா” என்று மட்டும் போட்டேன்.

ஏழரை வரை பதில் இல்லை.

மார்ச் 18, புதன்

ஆறு மணிக்கே போன்.

“சித்தப்பா, இது நீங்க எழுதினதா?”

“ஆமா.”

“ஆறாவதுல பாதியா?”

“பாதின்னு சொல்றதே கொஞ்சம் ஜாஸ்தி. புஸ்தகம் வாங்கினேன், அட்டை போட்டேன்.”

சத்தமே இல்லை. ரேடியோ நின்று நான் கேட்டதில்லை. பயந்துவிட்டேன்.

“நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப பாடத்தைச் சத்தமா வாசி, தப்பிருந்தா நிறுத்துறேன்னு பக்கத்துல உக்காந்திருப்பீங்களே. ஒரு தடவைகூட நிறுத்தலையே?”

“நீ தப்பா வாசிச்சிருக்க மாட்டே.”

“ஐயோ, நடுநடுவுல நானா இட்டுக்கட்டி வாசிச்சேன் சித்தப்பா! நீங்க ஜம்முனு தலையாட்டுவீங்க. மாட்டவே இல்லையேன்னு எனக்கு அவ்ளோ பெருமை.”

எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். “தேனீக்கு ஒம்பது கண்ணு?”

“அது நான் சேர்த்தது.”

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. அவள் சிரிப்பு பாதியில் ஒரு மாதிரி ஆனது.

“பாத்துத் தரேன்னு நான் சொன்னது எழுத்துக்காக மட்டும் இல்ல. வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்தா இங்க எனக்கும் ஆள் இல்ல. இங்க வந்ததுலேருந்து எத்தனையோ தடவை கேட்டேன், நீங்க வேணாம்னே சொன்னீங்க. சரி, சித்தப்பாவுக்கு நாம தேவையில்லபோலன்னு விட்டுட்டேன்.”

ஒரு பொய்க்கு இத்தனை வாடகையா? ஐந்து மாதம் கொடுத்திருக்கிறேன்.

கடிதத்தில் பதினோரு தப்பு. ‘கேலி’யாவது சரியாக இருந்ததாம். திருத்தி அனுப்பினாள், பார்த்துப் பார்த்து என் கையால் எழுதிப் படம் பிடித்து அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். முடி செய்கிற நல்ல கடை ஒன்றையும் ரேடியோவே தேடி விலாசம் கொடுத்தாள். அதையும் அடியில் எழுதினேன்.

மார்ச் 19, வியாழன்

பதில் இல்லை. நாளைதான் அவர் வேலைக்குப் போகிற நாள்.

மார்ச் 21, சனி

பதில் வந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தாக, சுழி சுழியாகப் படித்தேன். அப்படியே எழுதி வைக்கிறேன்:

“அண்ணா, நேத்து வேலைக்குப் போயிட்டேன். முடி வாங்க நேரமில்ல. தலையில துணி கட்டிக்கிட்டுதான் போனேன். உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் கம்முன்னு ஆயிட்டாங்க. எனக்குத் தாங்கல. உங்க மூடிக் கதையைச் சொல்லிட்டேன். ஒரு நிமிஷம் முழிச்சாங்க, அப்புறம் ஆபீசே சிரிச்சுது. அதுக்கப்புறம் யாரும் என் தலையைப் பாக்கல, என் மூஞ்சியைப் பாத்தாங்க. கொஞ்சம் சுவாரசியமா இருக்கட்டுமேன்னு, நீங்க ரெண்டு மூடி அனுப்பினதா சொன்னேன். ஒண்ணு வெயிலுக்கு, ஒண்ணு மழைக்குன்னு. தப்பா எடுத்துக்காதீங்க. மூடி எங்க வீட்டுச் சட்டி எதுக்கும் சேரல. பூனைக்கு அதுல தண்ணி வைக்கிறேன்.”

வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று! எனக்கே தோன்றவில்லையே.

மார்ச் 29, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க நோட்டைப் புரட்டிச் சிவப்பு மையால் சுழி போட்டேன். மூடி என்று எழுதிய இடமெல்லாம். வேறு எழுத்துகளும் நிறைய. ஒன்பது கண்ணையும் அடித்து ஐந்து ஆக்கினேன், விஞ்ஞானப் புத்தகத்தில். வழியில் பொய்களும் அங்கங்கே தட்டுப்பட்டன. அவற்றில் கை வைக்கவில்லை. அவை எழுத்துப்பிழை இல்லையே.

பேசுவதற்கு அதிகம் ஆள் சேர்ந்துவிடவில்லை. காலையில் கணக்கு, அப்புறம் பெட்டி, அப்புறம் சுவர். இன்றைக்கு ஒரே ஒரு ஆர்டர், அதுவும் அந்த அம்மாவின் ஆபீசிலிருந்து: “மழைக்கு உள்ள மூடி ஒண்ணு.” நாளைக்குக் கூரியர்காரரிடம் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

அட்டவணையில் நாலிலிருந்து ஐந்துக்கு இழுத்த கோட்டின்மேல் போன திங்கட்கிழமை எழுதினேன்: சொல்வதெழுதுதல். அவள் அங்கிருந்து சொல்வாள், நான் இங்கே எழுதிப் படம் பிடித்து அனுப்புவேன். நேற்று இருபதுக்கு ஒன்பது. (ஒன்பதேதான்.) நடுவில் அவள் ஆபீஸ் கதையும் சொல்கிறாள். அதில் எவ்வளவு சேர்க்கிறாள் என்று தெரியவில்லை, நான் தலையாட்டுகிறேன்.

இன்று ஏழரை வரை காத்திருக்க முடியாமல் டைரியை முன்னதாகவே எடுத்துவிட்டேன். மணி மூன்று ஐம்பது. பென்சில் இரண்டு சீவி வைத்திருக்கிறேன். கண்ணாடி மூக்கில்தான் இருக்கிறது.