நன்றிப் பூசை

ஜூலை 3, வெள்ளி
விடிந்ததிலிருந்தே புழுக்கம். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் களிமண் வாங்க வேண்டும். ஜாக்கெட் எல்லாம் இறுக்கிப் பிடிக்கின்றன. மாதவிலக்கு மூன்றாவது மாதமாக இல்லை. இன்று குளிக்கும்போது மார்பில் பால். நிஜப் பால். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

கர்ப்பம் பார்க்கும் கிட்டில் ஒரே கோடு. கிட்தான் மட்டமான கிட்.

ஜூலை 4, சனி
துவைக்கப் போட்ட ஜாக்கெட்டில் பால் கறை. மாமியார் பார்த்துவிட்டார். மகனிடம் சொன்னது சமையலறை வரை கேட்டது. "எத்தினி வருசமா காத்துக்கினு இருந்தோம். மாதா கண்ணத் தொறந்துட்டாடா, அருளு."

அருள் என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை.

சாயந்தரம் ரங்கநாதன் தெரு. ரிப்பன் வாங்கப் போய்க் குட்டிச் சட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றேன். "பையனா, பொண்ணாக்கா?" என்றார் கடைக்காரர். இன்னும் தெரியாது என்றேன்.

ஜூலை 5, ஞாயிறு
சர்ச்சில், இன்றைய பூசை யார் யார் வேண்டுதலுக்கு என்ற கருத்துகளை ஃபாதர் வாசித்தார். "குழந்தை வரம் பெற்றதற்கு நன்றியாக, அருள் - ஸ்டெல்லா குடும்பத்தார்." அத்தை எங்களிடம் சொல்லாமலே எழுதிக் கொடுத்திருக்கிறார். முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வெட்கம், பயம். ஆனாலும் பிடித்திருந்தது.

ஜூலை 9, வியாழன்
அடையாறில் என் மனநல டாக்டர். (அத்தையிடம் தைராய்டு டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.) ரத்த ரிப்போர்ட் வந்துவிட்டது. கர்ப்பம் இல்லை.

"குரல் கேக்காம இருக்கக் குடுத்த மாத்திரைதாம்மா. ஒரு ஹார்மோன ஏத்திடுது. அதான் பால், பீரியட்ஸ் நிக்கிறது, எல்லாம். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். வேற மாத்திரை பாக்கலாம், மெதுவா. குரல் திரும்பினா உடனே வந்துடணும்."

ஆட்டோவில் அருள் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் அத்தையிடம் நானே சொன்னேன், குரல்கள் உட்பட எல்லாம். வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கினார்.

"இத்தினி நாளு ஒண்டியாவா வச்சிக்கினு இருந்தே?"

அப்புறம், "சாப்ட்டியா?"

ஆகஸ்ட் 20, வியாழன்
மழை, பள்ளி அரைநாள். புது மாத்திரையில் தூக்கம் அதிகம், குரல் இல்லை. காலையில் மாதவிலக்கு. இதைப் பார்த்தால் எப்போதும் அழுவேன். இன்று அருளுக்குப் போன் செய்து, "வந்துடுச்சுப்பா" என்றேன். இனி குழந்தைக்கு முயற்சி செய்யலாமா என்று டாக்டரைக் கேட்கலாம் என்றார். சந்தோஷம்தான்.

பாலும் நின்றுவிட்டது. குளிக்கும்போது தினமும் அழுத்திப் பார்க்கிறேன். ஒரு சொட்டுகூட இல்லை.